கண்ணீரைக் கொண்டு கலையை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் ஒரு நாடகம் முடிந்ததும் சனமெல்லாம் அழுதுவிட்டது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த அழுகையையே தரத்துக்குச் சான்றாகக் கொள்வதுதான் பரவலான தவறு. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் நீண்ட போரும் எத்தனையோ வீடுகளில் இழப்பை விட்டுச்சென்ற இந்தக் கரையில், ஒலிபெருக்கியில் கடலிரைச்சலைப் போட்டு ஒரு தாயை "மகனே" என்று கதறவைத்தால் கண்கள் நனையத்தான் செய்யும். அந்தக் கண்ணீரில் பெரும்பகுதி பார்வையாளர் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. படைப்பாளி அதற்காக எதையும் செய்திருக்க வேண்டியதில்லை.

அழவைப்பதெல்லாம் மலிவானது என்று படித்தவர்கள் ஒதுக்குவதும் பிழையே. தொல்காப்பியம் உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகைக்கும் இடமளித்து, அது இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (நிலைதளர்தல்), வறுமை ஆகிய நான்கின் வழியே பிறக்கும் என்று வகுத்திருக்கிறது. ஆகவே அழுகை வந்ததா என்பதைவிட, அது எதிலிருந்து, எவ்வாறு பிறந்தது என்பதையே விமர்சகர் ஆராய வேண்டும்.

கூத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். அபிமன்யு இறந்துபட்டதை அறிந்து புலம்பும் பாத்திரம், வட்டக்களரி எனப்படும் வட்டமான ஆடுகளத்தில் தாளம் பிசகாமல் பாடியாக வேண்டும். ஆடுபவர் உண்மையாகவே விம்மினால் பாட்டின் அடி உடைந்துவிடும். அவர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் திரும்பப் பாடும்போது ஒருவரின் துயரம் களரி முழுவதற்கும் உரியதாகிறது. இந்தக் கட்டுப்பாட்டின் அருமை புரியாமல், புலம்பலின்மேல் மின்னிசைக் கருவியின் சோக இசையைப் பரப்புவதும் ஆடுபவரைத் தேம்பவைப்பதும் கூத்தைப் பாழாக்கும். கூத்தைச் சுருக்குவதைக் குறை சொல்வதற்கில்லை: பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் விடியவிடிய ஆடிய கூத்துகளைச் சுருக்கி மேடையேற்றி, அவற்றின் ஆட்டத்தையும் பாட்டையும் புதிய பார்வையாளரிடம் கொண்டுசேர்த்தார்.

சனத்துக்கு இவ்வளவு போதும் என்று எண்ணுவதை நான் மன்னிக்க முடியாத தவறாகவே கருதுகிறேன். கூத்துப் பார்த்துப் பழகிய ஊர்களில், மத்தளத்தோடு கால் பொருந்தாத ஆட்டத்தை முன்வரிசைக் கிழவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

மக்கள் விருப்பமும் கலைத்தரமும் ஒன்றாக வாழா என்று முடிவுகட்டுவதும் ஆகாது. வைகாசியில் கண்ணகி கோயில்களில் அவள் கதையைச் சொல்லும் கண்ணகி வழக்குரை பாடப்படும்போது, கதையின் முடிவைத் தெரிந்துகொண்டே சனம் கேட்கிறது. கணவனை இழந்தவளின் புலம்பலோடு நில்லாமல், அரசன் அவையில் அவள் நீதி கேட்டு வாதிடுவதையும் பாட்டு விரித்துச் சொல்வதால், துயரத்தோடு சினமும் நியாயமும் கேட்பவரிடம் வந்து சேர்கின்றன.