பழைய காரின் வைப்பர் பழுது: மோட்டாரை மாற்றுவதற்கு முன்

கோலாலம்பூரில் மாலை மழை பிடித்துக்கொண்டால், பழைய மோரிஸ் மைனரோ மினியோ வைத்திருப்பவருக்கு முதல் கவலை வைப்பர்தான். அது தயங்கித் தயங்கி ஓடத் தொடங்கியதும், மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டி, வேறொன்றைத் தேடி, கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த சான் சோவ் லின் பக்கம் கிளம்பிவிடுவதே பலரும் செய்யும் முதல் தவறு. இக்கார்களுக்கு மின்கருவிகள் செய்துகொடுத்த லூக்காஸ் நிறுவனத்தின் அந்தக் காலத்து மோட்டார்கள் அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. அவை இழுக்க வேண்டிய பாரம்தான் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டு போகிறது.

இக்கார்களில் மோட்டாரின் சுழற்சி முன்னும் பின்னுமான இழுப்பாக மாறுகிறது. சுருள் கம்பி சுற்றிய, வளையக்கூடிய கேபிள் ஒன்று அந்த இழுப்பை உலோகக் குழாய்க்குள் கொண்டுசென்று, முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள இரண்டு சிறு பற்சக்கரங்களைத் திருப்புகிறது. எப்போதோ பூசிய கிரீஸ் குழாய்க்குள் வெல்லப்பாகு போல இறுகிக் கிடக்கும். ஆகவே வைப்பர் கைகளைக் கழற்றி, கேபிளை மோட்டாரிலிருந்து பிரித்து, மோட்டாரை மட்டும் தனியே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அது சீராக ஓடினால் குற்றம் அதனுடையதன்று. அடுத்து, கேபிளைச் சுருள்வில் தராசில் மாட்டி இழுத்துப் பார்க்கலாம். இதே அமைப்புள்ள எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) போன்றவற்றுக்கான பழுதுபார்ப்புக் கையேடுகள் 6 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.7 கிலோ இழுவையையே உச்ச வரம்பாகச் சொல்கின்றன.

இறுக்கம் உறுதியானதும், கேபிளைக் கழற்றாமலே குழாய்க்குள் துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடிப்பவர்கள் உண்டு. பழைய கிரீஸ் சற்று இளகி, இரண்டு மூன்று மழைக்கு வைப்பர் ஓடும்; பிறகு முன்னிலும் மோசமாக மாட்டிக்கொள்ளும். கேபிளை முழுவதும் உருவி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, குழாயையும் சுத்தம் செய்து, புது கிரீஸைச் சீராகப் பூசுவதே முறை. குழாய் எங்கேனும் நசுங்கியிருந்தால் எந்த கிரீஸும் உதவாது.

வைப்பர் கை ஆட்டம் கொடுக்கிறதென்றால் கதை வேறு. கை பொருந்தும் தலைப்பகுதியின் உட்பற்கள் மழுங்கியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அது மலிவான பழுது. கை மாட்டியிருக்கும் தண்டோடு சேர்ந்தே ஆடினால், அந்தத் தண்டின் அடியிலுள்ள பற்சக்கரம் தேய்ந்திருக்கிறது. அதற்காக அதை உடனே தூக்கிப்போடத் தேவையில்லை. இந்தச் சக்கரம் ஒருபோதும் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை என்பதால், அரை வட்டத்துக்கும் குறைவான பகுதியில்தான் பற்கள் தேய்ந்திருக்கும். எதிர்ப்பக்கம் புதிதாகவே இருக்கும். கேபிளை உருவிய நிலையில் தண்டை 180 டிகிரி திருப்பி வைத்தால், தேயாத பற்கள் வேலைக்கு வந்துவிடும். இதை அறியாமல் புதுச் சக்கரம் வாங்குவது வீண் செலவு என்பேன்.

முதல் புரோட்டான் சாகா, ஃபோக்ஸ்வாகன் பீட்டல் போன்ற கார்களில் இந்தக் கேபிள் இல்லை; இணைப்புத் தண்டுகள்தாம். அவற்றின் மூட்டில் உள்ள பிளாஸ்டிக் புஷ் (மூட்டுக்குள் பொருந்தும் சிறு வளையம்) தேய்ந்து ஆடும்போது, கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுவது நம்மவர்களுக்குப் பிடித்த வைத்தியம். அந்தக் கட்டு அவிழ்வது கொட்டும் மழையில்தான் என்பதால், புஷ்ஷை மாற்றிவிடுவதே நல்லது.

மின்பக்கத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிதாகப் பெயிண்ட் அடித்த காரில், மோட்டாரைக் காரின் உலோக உடலோடு இணைக்கும் எர்த் கம்பி பெயிண்ட்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தால், நல்ல மோட்டாரும் சோம்பிப்போகும். அந்த இடத்தை உலோகம் தெரியும்வரை சுரண்ட வேண்டும்.

கைகளைத் திரும்ப மாட்டுவதிலும் அவசரம் கூடாது. மோட்டாரை ஒருமுறை ஓட்டி, சுவிட்சை அணைத்து, அது தானே நிற்கும் இடத்துக்கு வந்த பிறகே கைகளைப் பொருத்த வேண்டும். இல்லையேல் முதல் வீச்சிலேயே கை கண்ணாடியின் ஓரச் சட்டத்தில் போய் மோதும். சோதித்துப் பார்க்கும்போது கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், ஏனெனில் காய்ந்த கண்ணாடியில் ரப்பர் பிடித்து இழுத்து, சரிசெய்த இணைப்பையும் பழுதானதாகக் காட்டிவிடும்.