வளவில் ஒரு விளையாட்டுக் கொட்டில்

பிள்ளைகளுக்கு வளவில் கொட்டில் போடுகிறீர்களா? தகரக் கூரை வேண்டாம். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு உச்சிப்பொழுதில் அடுப்பாகிவிடும். கிடுகோ பனையோலையோ வேயுங்கள். சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிற வேலைதான், ஆனால் உள்ளே அந்தக் குளிர்ச்சி வேறு எதிலும் வராது.

மேற்குப் பக்கக் கூரையை நன்றாகத் தாழ இறக்குங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர்கள் விளையாடும் நேரம் வெயில் அங்கிருந்துதான் சரிந்து அடிக்கும். மாரி மழைச் சாரல் வடகிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கம் பனைமட்டை வரிச்சு கட்டுங்கள். தெற்கு சோளகக் காற்றுக்குத் திறந்திருக்கட்டும்.

ஊஞ்சலுக்குக் கீழே சீமெந்து கூடாது, ஒரு அடி ஆழத்துக்கு மணல் நிரப்புங்கள். அப்புறம், ஓலைக்கூரை குசினி அடுப்புக்குத் தள்ளியே இருக்க வேண்டும். தென்னைக்குக் கீழே ஒருபோதும் போடாதீர்கள்.