விமான வயரிங் ஹார்னஸ்: வடிவமைப்பு, மின்காப்பு, சோதனை

விமானத்துக்கான ஹார்னஸை (ஒன்றாகக் கட்டிய வயர்களின் தொகுப்பை) வடிவமைக்கும்போது ஒவ்வொரு வயரும் எவ்வளவு மின்னோட்டத்தைச் சுமக்கும், மறுமுனையில் எத்தனை வோல்ட் வரை குறையலாம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தொடர்ந்து இயங்கும் கருவிகளுக்கு, 28 வோல்ட் சுற்றில் 1 வோல்ட்டும் 115 வோல்ட் சுற்றில் 4 வோல்ட்டும் குறையலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் வழிகாட்டி அனுமதிக்கிறது. தனித்து ஓடும் வயருக்குரிய மின்னோட்ட அளவைக் கட்டுக்குள் செல்லும் வயருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டின் நடுவே வெப்பம் தேங்குவதோடு, உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து குளிர்ச்சியும் குறைகிறது.

காப்புறையைப் பொறுத்தவரை, அது புதிதாக இருக்கும்போது காட்டும் திறனைவிடச் சேதமடைந்த பிறகு எப்படி நடந்துகொள்ளும் என்பதே முக்கியம். காப்டன் எனப்படும் பாலிஇமைடு மெல்லியது, எடை குறைந்தது, கடும் வெப்பத்தையும் தாங்குவது. ஆனால் அதில் விரிசல் விழுந்து ஈரமும் சேர்ந்து மின்வில் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்பொறி) எழுந்துவிட்டால், கருகிய இடமே மின்சாரத்தைக் கடத்தும் கரியாகி, வில் வயர் நெடுகப் பரவி, அருகிலுள்ள வயர்களையும் எரிக்கிறது. வில் விட்டுவிட்டு எழுவதால் சாதாரண சர்க்யூட் பிரேக்கர் பல வேளைகளில் விழுவதில்லை. டெஃப்லான் அவ்வாறு கரியாவதில்லை என்றாலும் மென்மையானது, அழுத்தத்தில் நசுங்கும். ஆகவே டெஃப்லான் அடுக்குகளுக்கு நடுவே பாலிஇமைடு வைத்த கலப்பு உறையையே நான் பரிந்துரைப்பேன்.

உறை மட்டும் நன்றாக இருந்தால் போதாது. 1998இல் 229 பேரைப் பலிகொண்ட சுவிஸ்ஏர் 111 விபத்தில், வயரில் எழுந்த மின்வில் அருகிலிருந்த வெப்பக்காப்புப் போர்வையின் மேலுறையைப் பற்றவைத்திருக்கக்கூடும் என்று கனடிய விசாரணை முடிவுக்கு வந்தது. எனவே வயர் எதன் அருகே செல்கிறது என்பதையும் வரைபடத்தில் காட்ட வேண்டும். எரிபொருள் குழாய்க்கு மேலாகவே வயரைக் கொண்டுசெல்ல வேண்டும். கட்டைப் பிடித்து நிறுத்தும் கிளாம்புகளுக்கு இடையே 24 அங்குலத்துக்கு மேல் விடக் கூடாது. நடுவில் கையால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் தொய்யக் கூடாது. வளைவின் ஆரம், கட்டிலுள்ள மிகப் பெரிய வயரின் விட்டத்தைப்போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். கனெக்டருக்கு முன் வயரைச் சற்றுத் தாழ்த்தி வளைத்தால், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். அருகில் துளையிடும் வேலை நடந்தால் கட்டை முன்கூட்டியே மூடிவையுங்கள். விழும் உலோகத் துருவல் வயர்களுக்கிடையே புகுந்து, ஒவ்வொரு அதிர்விலும் உறையை அறுத்துக்கொண்டே இருக்கும்.

கிரிம்ப் செய்த (அழுத்தி நெரித்துப் பொருத்திய) முனையின் சிறு துளை வழியே செம்பு இழைகள் தெரிகின்றனவா, உறையை உரித்தபோது ஏதேனும் இழை வெட்டுப்பட்டதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

சோதனைக்கு முன் எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட வேண்டும். முதலில் ஒவ்வொரு வயரும் முனை முதல் முனை வரை மின்சாரத்தைக் கடத்துகிறதா என்று தொடர்ச்சியைச் சரிபார்த்து, பின்னர் ஒவ்வொரு வயரையும் மற்ற வயர்கள், ஷீல்டு (வயரைச் சுற்றிய உலோக உறை) ஆகிய அனைத்துக்கும் எதிராக 500 வோல்ட் டி.சி. மெக்கரால் (காப்புத் தடையை அளக்கும் கருவியால்) சோதித்து, தேங்கிய மின்னூட்டத்தை வடித்துவிடுங்கள். உறை உரசிச் செம்பே வெளியே தெரிந்தாலும், உலோகத்துக்கும் அதற்கும் நடுவே அரை மில்லிமீட்டர் உலர்ந்த காற்று இருந்தால் 500 வோல்ட் அதைத் தாண்டாது. மெக்கர் நல்ல அளவையே காட்டும். ஆகையால் ஹார்னஸைப் பொருத்திய பிறகு, கிளாம்புகளின் அடிப்பக்கத்தையும் கனெக்டர்களின் பின்புறத்தையும் விளக்கும் கண்ணாடியும் கொண்டு பார்த்து, எட்டாத இடங்களை விரலால் தடவிச் சோதித்தே கையொப்பமிட வேண்டும்.