ஃபைவரில் ஓடர் ரத்தாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? வன்னியிலிருந்து வேலை செய்யும் புதியவர்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் உயர்தரம் முடித்த பிள்ளைகள் பலர் இப்போது ஃபைவர் போன்ற, வெளியாட்களிடம் வேலை எடுத்துச் செய்து கொடுக்கும் தளங்களில் ஒன்லைனில் வேலை எடுக்கிறார்கள். லோகோ, வீடியோ எடிட்டிங், டேட்டா என்ட்ரி என்று ஆளுக்கொரு தொழில். என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "முதல் ஓடர் எப்படி எடுக்கிறது?" என்றுதான். இரண்டு மாதம் போனதும் கேள்வி மாறிவிடுகிறது: "அண்ணா, ஓடர் வருது. ஆனா கான்சல் ஆகிப் போகுது."

ஃபைவரில் 20 டொலர் ஓடரை முடித்தால் தளம் 20 வீதம் எடுத்துக்கொண்டு உங்களுக்கு 16 டொலர் தரும். புதியவர்களுக்கு அதுவும் ஓடர் முடிந்து 14 நாள் கழித்துத்தான் கைக்கு வரும். ரத்தானால் முழுக் காசும் வேலை தந்த கிளையன்டிடம் திரும்பிப் போய்விடும், நீங்கள் கண்விழித்த இரவுக்கு ஒரு சதமும் கிடையாது. 2024இல் வந்த முறையில் 1 முதல் 10 வரை ‘சக்சஸ் ஸ்கோர்’ என்று வேலை செய்கிறவருக்கு ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். ரத்துகள் அதையும் கீழே இழுக்கும். நூறு ஓடர் முடித்தவருக்கு ஒன்று போனால் பெரிதாகத் தெரியாது. நாலே ஓடர் முடித்தவருக்கு அது பெரிய அடி.

என்னுடைய முதல் ரத்து இன்னும் மனதில் நிற்கிறது. அவுஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் தன் பேக்கரிக்கு லோகோ கேட்டார். "ஓம், செய்யலாம்" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு மூன்று நாள் இருந்து வரைந்து அனுப்பினேன். அவருக்குத் தேவைப்பட்டது கடைப் பலகையில் பெரிதாக அச்சடித்தாலும் மங்காத வெக்டர் கோப்பு. நான் கொடுத்தது, பெரிதாக்கினால் மங்கிவிடும் பிஎன்ஜி படம். வெக்டரில் வரைய அப்போது எனக்குத் தெரியாது. அவர் ரத்துக் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அந்த ஓடர் மூன்றாம் நாள் ரத்தாகவில்லை, நான் விசாரிக்காமல் "ஓம்" சொன்ன நிமிடமே ரத்தாகிவிட்டது. அதனால்தான் கீழே உள்ள முதல் நான்கு படிகளும் வேலை தொடங்குவதற்கு முன்னர் செய்யவேண்டியவை.

படி 1: கிக்கில் "செய்யமாட்டேன்" என்பதையும் எழுதுங்கள்

கிக் என்பது ஃபைவரில் உங்கள் வேலையையும் விலையையும் போடும் பக்கம். எல்லோரும் அதில் தாங்கள் செய்வதை மட்டும் எழுதுகிறார்கள். எந்த வகைக் கோப்பு கொடுப்பீர்கள், எத்தனை தடவை திருத்துவீர்கள், எது இந்த விலைக்குள் வராது என்பதையும் தெளிவாக எழுதுங்கள். "அளவில்லாத் திருத்தம்" என்று ஒருபோதும் போடாதீர்கள். புதியவர்கள் ஆள் பிடிப்பதற்காக அதைப் போட்டுவிட்டு, பத்தாவது திருத்தத்தில் களைத்துப்போய்த் தாங்களே ரத்துக் கேட்கிறார்கள். இரண்டு அல்லது மூன்று போதும்.

படி 2: நாட்களை வன்னிக் கணக்கில் போடுங்கள்

ஒரு நாளில் முடியும் வேலைக்கு மூன்று நாள் போடுங்கள். "24 மணி நேரத்தில் டெலிவரி" என்று கொழும்பில் இருந்து போடுகிறவரைப் பார்த்து நாங்களும் போடக்கூடாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி. ஒரு மரம் வயரில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து ஊர்கள் வெள்ளத்தில் நின்றதையும், 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். மாரி மாதங்களில் என் கிக்குகளில் இன்னும் ஒரு நாளைக் கூட்டிவிடுவேன். அதனால் ஓடர் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வசதி இருந்தால் ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்குங்கள். இல்லாவிட்டால் வேறு வேறு கம்பனிகளின் இரண்டு சிம்மாவது வைத்திருங்கள். செய்கிற வேலையை அவ்வப்போது கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டால், லப்டொப் நின்றாலும் போனிலிருந்து அனுப்பலாம்.

படி 3: ஓடருக்கு முன் கதையுங்கள்

இதுதான் முக்கியமான படி. கிக்கின் கடைசி வரியில் "ஓடர் போட முன் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள்" என்று எழுதுங்கள். அனுப்பினால் ஐந்து விஷயம் கேளுங்கள்: எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள்? எந்த வகைக் கோப்பு, என்ன அளவில் வேண்டும்? உங்களுக்குப் பிடித்த மாதிரி இரண்டு காட்டமுடியுமா? கட்டாயம் வேண்டாம் என்பது எது? எந்தத் தேதிக்குள் வேண்டும்?

ஐந்தையும் ஒரே மெசேஜில் கேளுங்கள். நியூயோர்க்கில் காலை 9 மணி என்றால் எங்களுக்கு அவர்களின் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. நீங்கள் காலையில் கேட்கும் கேள்விக்குப் பதில் இரவில்தான் வரும். ஒவ்வொன்றாகக் கேட்டால் ஐந்து நாள் போய்விடும், அதற்குள் அவர் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்.

பதில் வந்ததும் நீங்கள் விளங்கிக்கொண்டதைத் திருப்பி எழுதுங்கள். எளிய ஆங்கிலம் போதும். அதன் கருத்து இப்படி இருக்கட்டும்: "பேக்கரிக்கு ஒரு லோகோ, இரண்டு மாதிரி வரைந்து காட்டுவேன். நீங்கள் தெரிவு செய்ததை வெக்டராகவும் பிஎன்ஜியாகவும் தருவேன். மூன்று திருத்தம். நான்கு நாள். சரியா?" அவர் "சரி" என்றதும் அதே விஷயங்களைக் கஸ்டம் ஒஃபரில் (அந்த ஆளுக்கென்றே விலையும் நாளும் குறித்து அனுப்பும் ஒஃபர்) போட்டு அனுப்புங்கள். பிறகு இழுபறி வந்தால் இரண்டு பேருக்கும் முன்னால் அந்த எழுத்து இருக்கும்.

செய்யத் தெரியாத வேலை என்றால் மறுத்துவிடுங்கள். கையில் காசில்லாத நேரத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மறுத்த வேலையால் ஸ்கோர் விழாது, எடுத்து ரத்தான வேலையால் விழும். வட்ஸ்அப்புக்கு வா, காசை வெளியில் தருகிறேன் என்கிற ஆளிடமிருந்தும் விலகுங்கள். அது விதிமீறல், கணக்கே பறிபோகலாம். பெரும்பாலும் ஏமாற்று வேலையும்கூட.

படி 4: தேவைப் படிவத்தைக் கட்டாயமாக்குங்கள்

கிக்கில் ‘ரிக்குவயர்மென்ட்ஸ்’ என்ற பகுதியில் கேள்விகளைப் போட்டு, அவற்றைக் கட்டாயம் என்று குறியுங்கள். கிளையன்ட் அவற்றுக்குப் பதில் தந்த பிறகுதான் ஓடர் நேரம் ஓடத் தொடங்கும். இதைச் செய்யாமல், படம் வரும் வரைக்கும் காத்திருந்தே நாள் முடிந்துபோன தம்பிமாரை எனக்குத் தெரியும்.

படி 5: பாதியில் காட்டுங்கள்

முழுவதையும் முடித்துவிட்டு ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். முதல் நாளே கரட்டு வரைபு ஒன்றைச் சாதாரண மெசேஜில் அனுப்பி, "இந்த வழியில் போகட்டுமா?" என்று கேளுங்கள். வீடியோ என்றால் முதல் அரை நிமிடம், டேட்டா என்ட்ரி என்றால் இருபது வரி. பிழையான வழியில் போயிருந்தால் அரை நாள்தான் வீண். அதைவிட, கிளையன்டும் வேலைக்குள் வந்துவிடுகிறார். தானே பார்த்துத் திருத்தம் சொன்ன வேலையை ரத்துச் செய்ய ஆட்களுக்கு இலகுவில் மனம் வராது.

படி 6: பிந்தும் என்று தெரிந்தால் முந்திச் சொல்லுங்கள்

கரண்ட் போய்விட்டது, காய்ச்சல், வீட்டில் ஒரு செத்தவீடு. எதுவாக இருந்தாலும் நேரம் முடிவதற்கு முன் ஓடர் பிரச்சினைகளைத் தீர்ப்பதற்கான ‘ரிசொலூஷன் சென்டர்’ பகுதி வழியாக மேலதிக நாள் கேளுங்கள். கிளையன்ட் அதை ஏற்றால்தான் நேரம் நீளும், ஆகவே கூடவே காரணத்தையும் நேர்மையாக இரண்டு வரியில் எழுதுங்கள். பெரும்பாலானோர் விளங்கிக்கொள்கிறார்கள். கடிகாரத்தை நிறுத்துவதற்காக வெற்றுக் கோப்பை டெலிவரி செய்யாதீர்கள். விதிப்படி அது குற்றம்.

படி 7: ரத்துக் கேட்டே விட்டால்

கோபத்தில் உடனே எழுதாதீர்கள். அதற்காகப் பேசாமலும் இருக்காதீர்கள், ஏனென்றால் இரண்டு நாளுக்குள் பதில் போடாவிட்டால் ஓடர் தானாகவே ரத்தாகிவிடும். எந்தப் பகுதி பிடிக்கவில்லை என்று கேட்டு, ஒரு திருத்தத்தை எப்போது தருவீர்கள் என்று நேரத்தோடு சொல்லுங்கள். என்னுடைய ஓடர்கள் சில இந்த இடத்தில் தப்பியிருக்கின்றன. பிழை உங்களுடையது, திருத்தவும் முடியாது என்றால் மரியாதையாக ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படி முடிந்த ஒருவர் ஆறு மாதம் கழித்து வேறு வேலையோடு என்னிடம் திரும்பி வந்தார்.

இன்னொன்று. ஊரில் இருக்கமாட்டோம் என்று தெரிந்த நாட்களில் கிக்கைத் திறந்து வைக்காதீர்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகும்போது, இரண்டு நாள் முன்னதாகவே ஃபைவரில் இப்போது வேலை எடுப்பதில்லை என்று குறித்து, திரும்பும் தேதியையும் எழுதிவிடுவேன். கையில் இருக்கும் ஓடர்களையும் அந்த இரண்டு நாளுக்குள் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.