குளிர் மலையில் அழகுப் பாம்: வீட்டில் வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பேராதனைப் பூங்காவுக்குப் போய், பாம் (palm) எனும் பனைக் குடும்பத்து மரங்களில் ஒன்றான ராஜ பாம் வரிசையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்காவது ஒரு பாம் கன்று வாங்கும் ஆசை வந்துவிடும். வரும் வழியில் தெருவோரக் கடையில் ஒன்றை வாங்கி வேனில் ஏற்றியும் விடுவார்கள். பேராதனை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவோ 1,868 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் அந்த வேனில் ஏறிவந்த கன்று ஒரே மாலையில் எட்டு ஒன்பது பாகை குளிருக்குள் வந்து இறங்குகிறது. கடைக்காரர் சொல்லிக் கொடுத்த பராமரிப்பு முறை கண்டிக்குச் சரி, ஹட்டனுக்குப் பாதி சரி, நுவரெலியாவுக்குச் சரியே இல்லை.

மலையகத்தில் பாம் கன்றுக்கு வரும் வருத்தங்களைத் தேடிப் போனால் பெரும்பாலும் அங்கே வந்து நிற்பது குளிர்ந்த ஈர மண்தான்.

முதல் தவறு வாங்கும்போதே நடக்கிறது. எல்லோரும் வைக்கும் அரிக்கா பாம் மடகாஸ்கரிலிருந்து வந்தது. கண்டி, பதுளைப் பக்கம் வாசலில் வைத்தாலே தழைக்கும். பண்டாரவளை, ஹட்டன் உயரத்தில் காற்று படாத மூலை வேண்டும், வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். நுவரெலியாவில் அதை வீட்டுக்குள் வைப்பதுதான் புத்தி. இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே போனால் ஓலையில் பழுப்புத் திட்டு விழத் தொடங்கும். தண்டு சிவப்பாகப் பளபளக்கும் சிவப்பு பாம் மலேசியா, சுமாத்திரா பக்கத்துச் சதுப்புக் காட்டுச் செடி. அதற்கு வருடம் முழுக்கச் சூடும் ஈரமும் வேண்டும். அடி பருத்த போத்தல் பாமும் குளிர் தாங்காது. மேல் மலையில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் பார்த்து ரசித்துவிட்டு வந்துவிடுங்கள். பார்லர் பாம், லேடி பாம், கென்டியா பாம் மூன்றும் குளிரையும் மங்கலான வெளிச்சத்தையும் ஓரளவு பொறுக்கும். கடையில் அரிக்காவைப் போல அடர்ந்து தெரியாததால் இவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ராஜ பாமைப் பற்றி ஒரே வார்த்தை: அதன் ஒரு ஓலை விழுந்தால் தகரக் கூரை தாங்காது.

அடுத்தது தண்ணீர். குளிர்ந்த மண்ணில் வேர் மெதுவாகத்தான் குடிக்கும், ஈரமும் லேசில் காயாது. கொழும்பில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊற்றும் சட்டிக்கு இங்கே வாரத்துக்கு ஒருமுறை கூட அதிகமாகலாம். நாள் எண்ணி ஊற்றாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். சட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகினால் பாரமே சொல்லிவிடும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வெளியில் நிற்கும் சட்டிக்கு நாம் ஊற்ற வேண்டிய தேவையே இராது. பதுளைப் பக்கம் அந்த நிலை வருவது டிசம்பர், ஜனவரியில்.

பெயிண்ட் வாளியில் நடுவது நம் ஊர் வழக்கம். தவறில்லை, ஆனால் அடியில் நாலைந்து துளை போட்டாக வேண்டும். ஒரு துளை போட்டால் அது மண் அடைத்து நின்றுவிடும். வேர் அழுகத் தொடங்கிய கன்றின் ஓலை மஞ்சளாகித் தொய்யும். பார்ப்பவர் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு ஜக் ஊற்றுவார், கதை முடிந்தது. சந்தேகம் வந்தால் அடித்துளையில் மூக்கை வைத்துப் பாருங்கள். புளித்த நாற்றம் வந்தால் கன்றை வெளியே எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டி, புது மண்ணில் வையுங்கள். தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பினால் இறுகிப் போகும். அதோடு அதே அளவு ஆற்று மணல், அதே அளவு தும்புத்தூள் கலந்தால் தண்ணீர் நிற்காது. கன்று ஆடுகிறது என்று தண்டைப் புதைத்து நடுவதும் அழுகலுக்கு வழி. பழைய சட்டியில் மண் எதுவரை இருந்ததோ அதுவரைதான்.

தேயிலையோடு பழகிய கைக்கு இன்னொரு ஆபத்து உண்டு. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி மொட்டையாக நின்று மறுபடி துளிர்க்கும். பாமுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு தண்டுக்கு ஒரே ஒரு குருத்து. உயரம் கூடிவிட்டது என்று உச்சியை வெட்டினால் அந்தத் தண்டு அதோடு சரி. அரிக்கா போலக் கூட்டமாக வளர்வதில் பக்கத்துத் தண்டுகள் பிழைக்கும், ஒற்றைத் தண்டு பாம் பிழைக்காது. வெட்டாமலேயே குருத்தைக் கெடுக்கவும் முடியும். கூரை ஓரத்தில் சட்டியை வைத்தால் மழை நாள் முழுக்கத் தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் நேரே குருத்துக்குள் இறங்கித் தங்கும், பூஞ்சணம் பிடிக்கும். நடுக்குருத்து வாடியிருந்தால் லேசாக இழுத்துப் பாருங்கள். அடி குழைந்து, நாறிக்கொண்டு கையோடு வந்துவிட்டால் குருத்தழுகல். சட்டியை ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்திருந்தால் போதும், வராமல் தடுத்திருக்கலாம்.

உரம் விஷயத்தில்தான் அதிகக் குழப்பம். தேயிலைக்கு வாங்கிய உரத்தில் ஒரு பிடி பாமுக்கும் போட்டுவிடுவது சுலபம். தேயிலைக்கு வேண்டியது இலை, அதனால் அந்த உரத்தில் தழைச்சத்து, அதாவது நைதரசன், தூக்கலாக இருக்கும். பாமுக்குப் பெரும்பசி சாம்பல்சத்துக்கு, அதாவது பொட்டாசியத்துக்கு. தழைச்சத்து மட்டும் ஏறினால் செடி விரைந்து வளர்ந்து, இருக்கிற பொட்டாசியத்தையும் தீர்த்துவிடும். அடி ஓலைகளில் செம்மஞ்சள் புள்ளி, நுனியில் கருகல் தெரிந்தால் பொட்டாசியக் குறை. அடி ஓலையின் ஓரம் மட்டும் அகலமாக மஞ்சளாகி நடு பச்சையாகவே நின்றால் மக்னீசியக் குறை. நான்கு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து மண்ணில் ஊற்றுங்கள். மஞ்சளான ஓலை திரும்பப் பச்சையாகாது, புதிதாக வருவது நன்றாக வரும்.

சரி, பொட்டாசியத்துக்கு அடுப்புச் சாம்பல் போடலாமே என்பார்கள். போடலாம், நம் மலை மண் புளிப்பு மண், கொஞ்சம் சாம்பலைத் தாங்கும். நடுத்தரச் சட்டிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. ஆனால் தினமும் அடுப்பைத் துப்புரவாக்கி அப்படியே சட்டியில் கொட்டுகிற வீடுகளில் மண்ணின் புளிப்பு போய்விடும். புளிப்பைக் குறைக்கப் போடும் டொலமைட் சுண்ணாம்புத் தூளை அள்ளிப் போட்டாலும் இதே கதைதான். புளிப்பு போன மண்ணில் மாங்கனீசு கரையாது, குளிர் மண்ணில் வேரும் அதைச் சரியாக எடுக்காது. இரண்டும் சேரும்போது புதுக் குருத்து சுருங்கி, முறுகி, நெருப்பில் காட்டியது போல வெளியே வரும். பலர் இதைப் பூச்சி என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். பொட்டாசியக் குறை அடி ஓலையில் தெரியும், மாங்கனீசுக் குறை குருத்தில் தெரியும். இதை மட்டும் நினைவில் வைத்தால் வீண் செலவு பாதி குறையும்.

மஞ்சள் கண்ட உடனே ஓலையை வெட்டுவதும் இதோடு சேர்ந்த தவறு. குறை உள்ள செடி பழைய ஓலையிலிருந்துதான் சத்தை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்புகிறது. விருந்தாளி வருகிறார்கள் என்று அதை வெட்டினால் அடுத்த ஓலை மஞ்சளாகும். முழுதாகக் காய்ந்த பிறகு வெட்டுங்கள்.

வெயிலும் பனியும் சுருக்கமாக. நிழல் வலைக்குள் வளர்ந்த கன்றை நேரே மலை வெயிலில் வைத்தால் ஓலை வெந்து வெளுக்கும். இரண்டு மூன்று வாரம் காலை வெயிலில் மட்டும் காட்டிப் பழக்குங்கள். ஜனவரி, பெப்ரவரியில் பகல் நன்றாக வெயில் எறித்து, இரவு மேகமே இல்லாமல் இருந்தால் விடியலில் உறைபனி விழலாம். தேயிலைக் கொழுந்தையே கருக்கும் பனி அது. அந்த மாதங்களில் சட்டியை இரவில் கூரைக்குக் கீழே எடுங்கள், தரையில் நட்டதைச் சாக்கால் மூடுங்கள். சட்டி மாற்றுவதை ஏப்ரலுக்குத் தள்ளிப் போடுங்கள்.

கடைசியாக, தேத்தண்ணிச் சக்கை. வெறும் சக்கையைக் கம்போஸ்டில் போட்டு மக்கவிட்டுப் பிறகு சட்டிக்குக் கொண்டுவந்தால் நல்லது. பாலும் சீனியும் கலந்த மிச்சத்தை அப்படியே மண்ணில் கொட்டினால் மேலே பூஞ்சணத் தோல் பிடிக்கும், சின்னக் கொசு மொய்க்கும், எறும்பு வரும். ஓலைக்காம்பின் இடுக்கில் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சிக்கு அந்த எறும்புதான் காவல், அதைப் பக்கத்துச் செடிக்குத் தூக்கிக்கொண்டு போவதும் அதுதான். பஞ்சு போல வெள்ளையாகத் தெரிந்தால் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் காம்பின் இடுக்கைத் துடைத்து, கொஞ்ச நேரம் கழித்து நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி வரும், மறுபடி துடைக்க வேண்டும்.