எக்ஸ்ரேயில் தெரியாத காயம்: கணுக்கால் ஜவ்வு கிழிந்தவர்கள் செய்யும் தவறுகள்

“எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, வெறும் சுளுக்கு.” இதைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களில் பலர், பிறகு அதே கணுக்காலோடு ஆண்டுக்கணக்கில் மல்லாடுகிறார்கள். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். எலும்போடு எலும்பைப் பிணைத்திருக்கும் ஜவ்வைக் காட்டாது. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது, கணுக்காலின் வெளிப்புறத்தில் இருக்கும் மூன்று ஜவ்வுகளில் முன்னால் உள்ளதுதான் பெரும்பாலும் முதலில் கிழிகிறது. நார்கள் இழுபட்டதோடு நின்றால் ஓரிரு வாரங்களில் சரியாகும். பாதி கிழிந்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் பிடிக்கும். முழுதாக அறுந்தால் மூன்று மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. “நடக்க முடிகிறதே, எலும்பு முறிந்திருக்காது” என்று எக்ஸ்ரேயே எடுக்காமல் இருப்பது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்த விதிகளைத்தான் இன்றும் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் நுனியிலோ பின்விளிம்பிலோ அழுத்தினால் வலித்தாலும், நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே தேவை. பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவில் மேடாகத் தட்டுப்படும் எலும்பையும் அழுத்திப் பார்க்க வேண்டும். அங்கே முறிவு இருந்தும் சுளுக்கு என்று விட்டுவிடுவது உண்டு.

முதல் இரண்டு மூன்று நாட்களில் நம் வீடுகளில் நடப்பது வேறு கதை. எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு வழித்துவிட ஒருவர் வந்துவிடுவார். அடுப்பில் புளியும் உப்பும் பற்றுப்போடக் கொதித்துக்கொண்டிருக்கும். புளிப் பற்றின் மேல் எனக்கு விரோதம் ஏதுமில்லை. ஆனால், உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் அந்த நாட்களில் சூடும் அழுத்தித் தேய்ப்பதும் வீக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். கிழிந்த ஜவ்வை இழுத்து ‘நேராக்க’ முடியாது. இழுத்தால் மேலும் கிழியும். துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம் பதினைந்து இருபது நிமிடம், கிரேப் பேண்டேஜ், காலை இதயத்துக்கு மேலே உயர்த்தி வைப்பது ஆகியவை போதும். ஐஸ் வலியைக் குறைக்குமே தவிர, ஜவ்வை ஆற்றாது. ஓய்வு, ஐஸ், கட்டு, கால் உயர்த்தல் என்ற சூத்திரத்தை 1978இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் எழுதினார்.

முழு ஓய்வு என்று வாரக்கணக்கில் கட்டிலில் கிடப்பதும் தவறுதான். முற்றிலும் அறுந்த நிலையில் சில நாட்கள் மாவுக்கட்டோ, கணுக்காலை அசையாமல் பிடிக்கும் மருத்துவ பூட்ஸோ உதவும். அதற்குப் பிறகு, தாங்கும் அளவுக்குக் காலை ஊன்ற வேண்டும். புது நார்கள் எந்தத் திசையில் அடுக்கப்பட வேண்டும் என்பதை அளவான பாரம்தான் தீர்மானிக்கிறது. ஊன்றுகோலை அடிபட்ட பக்கத்துக் கையில் பிடிப்பவர்களே அதிகம். பிடிக்க வேண்டியது எதிர்ப்பக்கத்துக் கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். தரையில் சம்மணமிட்டால் பாதம் எந்தப் பக்கம் மடங்கி ஜவ்வு கிழிந்ததோ, அதே பக்கம் மடங்கிக் கிடக்கும். ஆரம்ப வாரங்களில் நாற்காலிதான். குந்தி உட்காரும் கழிப்பறையையும் பின்புறப் பிடிமானம் இல்லாத ரப்பர் செருப்பையும் கொஞ்ச காலம் தள்ளிவையுங்கள்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, வீக்கம் வடிந்த பிறகுதான் நேர்கிறது. வலி இல்லை, நடை சரியாகிவிட்டது, பிசியோதெரபிக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாலிபாலுக்குப் போய்விடுகிறார்கள். வலி போவது வெகு சீக்கிரம். ஜவ்வு முழு வலுவைத் திரும்பப் பெற மாதங்கள் ஆகும். அதோடு, ஜவ்வு வெறும் கயிறு அல்ல. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அதில் இருக்கின்றன. கிழியும்போது அந்தத் தகவலும் குழம்புகிறது. மேடு பள்ளத்தில் கால் வைத்ததும் பக்கவாட்டுத் தசை சுதாரித்து இழுக்க வேண்டும். தகவல் தாமதித்தால் கால் மறுபடி மடங்கும். ஒரே கணுக்கால் திரும்பத் திரும்பப் பிசகுவதற்கு இது முக்கியக் காரணம். பலர் இதை ராசி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு மருந்து சமநிலைப் பயிற்சி. பல் துலக்கும்போது அடிபட்ட காலில் மட்டும் நில்லுங்கள். அது சுலபமானதும், சுவரருகே நின்று கண்ணை மூடிக்கொண்டு. பிறகு தலையணை மேல். ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். இரு கால்களுக்கும் உள்ள வித்தியாசம் மறையும் வரை விளையாட்டு வேண்டாம். நேர் ஓட்டம் முதலில், வளைந்து ஓடுவது அடுத்து, குதிப்பது கடைசி. களத்துக்குத் திரும்பிய பிறகும் சில மாதங்கள் பிரேஸ் என்ற கணுக்கால் தாங்கு உறை அணிந்தால், மறுபடி பிசகும் வாய்ப்பு குறைகிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எம்ஆர்ஐக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் அவசரப்பட வேண்டியதில்லை. வெளிப்புற ஜவ்வு முழுதாக அறுந்தவர்களில்கூடப் பெரும்பாலானோர் பயிற்சியிலேயே தேறுகிறார்கள். ஆறு முதல் எட்டு வாரமாகியும் வலியோ தடுமாற்றமோ குறையவில்லை என்றால் எம்ஆர்ஐக்கு அர்த்தம் உண்டு. வலி கணுக்காலுக்குச் சற்று மேலே, கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் சேரும் இடத்தில் இருந்தால் மட்டும் அவ்வளவு காத்திருக்காதீர்கள். அது வேறு ஜவ்வு, ஆறவும் அதிக நாள் பிடிக்கும். கட்டுப் போட்டிருக்கும் நாட்களில் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தம் உறைந்திருக்கக்கூடும். திடீரென மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ 108க்கு அழையுங்கள்.