வாஷிங்டனில் யாரும் சிரிக்கவில்லை: மேடை இசை நாடகத்தைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1962 ஏப்ரல். வாஷிங்டன் நேஷனல் தியேட்டரில் ஒரு நகைச்சுவை இசை நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் ‘எ ஃபன்னி திங் ஹேப்பன்ட் ஆன் த வே டு த ஃபோரம்’. பழைய ரோமாபுரிக் கதை. விடுதலை வாங்குவதற்காக ஓர் அடிமை செய்யும் தில்லுமுல்லுகள்தான் முழு நாடகமும். அடிமையாக ஜீரோ மாஸ்டெல், பாட்டும் இசையும் ஸ்டீஃபன் சோண்ட்ஹைம், இயக்கம் ஜார்ஜ் அபட். நகைச்சுவை நாடகம் என்றால் நியூயார்க்கின் நாடக அரங்க வட்டாரமான பிராட்வேயில் அன்று அபட்டின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். இத்தனை பேர் இருந்தும் அரங்கில் சிரிப்பு இல்லை. ஆட்களும் அதிகம் இல்லை.

வசனங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் இயக்குநரும் நடன அமைப்பாளருமான ஜெரோம் ராபின்ஸைக் கூப்பிட்டார்கள். அவர் நாடகத்தைப் பார்த்துவிட்டு, கோளாறு முதல் பாட்டிலேயே இருக்கிறது என்றார். அப்போது நாடகம் ‘லவ் இஸ் இன் தி ஏர்’ என்ற மென்மையான பாட்டுடன் தொடங்கியது. அதைக் கேட்ட ஜனங்கள் ஓர் இதமான காதல் கதைக்குத் தங்களைத் தயார்செய்துகொண்டார்கள். அப்புறம் ஆட்கள் முட்டி மோதி ஓடும் கூத்து வந்தால் எப்படிச் சிரிப்பார்கள்? இன்று நடக்கப்போவது நகைச்சுவை என்று முதல் பாட்டே சொல்லட்டும், ஆனால் பாட்டின் வரிகளில் நகைச்சுவை வேண்டாம், அதை மேடையில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ராபின்ஸ் கேட்டார். சோண்ட்ஹைம் ‘காமெடி டுநைட்’ எழுதினார். ராபின்ஸ் வேறு சில இடங்களையும் தொட்டார்தான். ஆனாலும் நாடகத்தைத் தூக்கி நிறுத்தியது அந்த ஒரு பாட்டு. மே 8 அன்று நியூயார்க்கில் அரங்கேறிய நாடகம் 964 காட்சிகள் ஓடியது. பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதுகளில் சிறந்த இசை நாடகத்துக்கான விருதும் கிடைத்தது.

நியூயார்க்குக்கு வருமுன் வெளியூரில் சில வாரம் நாடகத்தைப் போட்டுப் பார்த்துத் திருத்தும் இந்த வழக்கத்துக்கு ட்ரைஅவுட் என்று பெயர். ஒரு காலத்தில் நியூ ஹேவன், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, வாஷிங்டன் என்ற ஊர்களில் இது அதிகம் நடந்தது. இப்போது சிகாகோ, சியாட்டில், சான் டியாகோ, சான் ஃபிரான்சிஸ்கோ என்று பரவிவிட்டது. காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேர் எங்கே இருமுகிறார்கள், எங்கே கையிலிருக்கும் நிகழ்ச்சித் தாளைப் புரட்டுகிறார்கள் என்பதை எந்த ஒத்திகை அறையிலும் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குத்தான் இவ்வளவு செலவும் அலைச்சலும்.

ஆனால் இருமல் வரும் இடம்தான் கோளாறு உள்ள இடம் என்று நம்பிவிடுவதே முதல் தவறு. என் பார்வையில் மிகப் பெரிய தவறும் அதுதான். ஃபோரம் நாடகத்தில் சிரிப்பு வராத காட்சிகளைத்தான் எல்லோரும் திருத்திக்கொண்டிருந்தார்கள். வலி ஓரிடம், காரணம் வேறிடம். இரண்டாம் பாகத்தில் ஒரு பாட்டு எடுபடவில்லையா? பாட்டை மாற்றுமுன் முதல் பாகத்துக்குப் போய்ப் பாருங்கள். அந்தப் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று ஜனங்களுக்கு யாராவது சொன்னோமா? சொல்லாமல் விட்டிருந்தால் எத்தனை நல்ல மெட்டுப் போட்டாலும் கேட்பவர் மனசு அதில் ஒட்டாது.

அடுத்தது, நல்ல பாட்டு என்பதற்காகவே ஒரு பாட்டைக் கட்டிப்பிடித்துக்கொள்வது. ‘ஹலோ, டாலி!’ 1963 நவம்பரில் டெட்ராய்ட்டில் போடப்பட்டபோது, முதல் பாகத்தின் முடிவில் பணக்கார வியாபாரி ஹோரஸ் ‘பென்னி இன் மை பாக்கெட்’ என்று ஒரு பாட்டுப் பாடுவார். நல்ல பாட்டு. ஆனால் கதை, நாயகி டாலியுடையது. விதவையாக ஒதுங்கியிருந்தது போதும், இனி வாழ வேண்டும் என்று அவள் தீர்மானிக்கும் இடத்தில்தான் இடைவேளை வர வேண்டும். ஹோரஸின் பாட்டு போனது. டாலி பாடும் ‘பிஃபோர் த பரேட் பாஸஸ் பை’ வந்தது. அந்த ஒரு மாற்றத்தில் இது யாருடைய நாடகம் என்ற கேள்விக்கே பதில் கிடைத்துவிட்டது. வெட்டுப்பட்ட பாட்டு, 2017 மறு தயாரிப்பில் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி வந்தது.

‘மை ஃபேர் லேடி’யிலும் இப்படித்தான். 1956 பிப்ரவரியில் நியூ ஹேவனில் போட்டபோது, கதாநாயகி எலைசா நடன விருந்துக்குப் போகுமுன் இரண்டு பாட்டுகளும் ஒரு பாலே நடனமும் இருந்தன. மூன்றையும் தூக்கிவிட்டு அங்கே ஒரு சிறிய வசனக் காட்சியை வைத்தார்கள். இதைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு வரி, இங்கே ஒரு வரி என்று கிள்ளிக் கிள்ளி எடுக்கவில்லை. முழுத் துண்டாக எடுத்துவிட்டு, இரண்டு ஓரங்களையும் புதிய காட்சியால் தைத்தார்கள். வெட்டிய பாட்டுகளில் ஒன்று ‘ஜீஜீ’ திரைப்படத்தில் இடம்பிடித்தது. எழுதியது எதுவும் வீணாகாது என்று தெரிந்தால் வெட்டுகிற கைக்கும் கொஞ்சம் தைரியம் வரும்.

நேரத்தைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது இன்னொரு பிழை. நம்மவர்களுக்கு நெருக்கமான உதாரணம் இருக்கிறது. ஏ. ஆர். ரஹ்மான், ஃபின்லாந்தின் வார்த்தினா குழு, கிறிஸ்டஃபர் நைட்டிங்கேல் ஆகியோர் சேர்ந்து இசையமைத்த ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாடகம் 2006 மார்ச்சில் டொராண்டோவில் அரங்கேறியது. அதை ட்ரைஅவுட் என்று யாரும் அறிவிக்கவில்லை, உலக முதல் அரங்கேற்றம் என்றே சொன்னார்கள். ஆனால் நடந்தது அதேதான். மூன்றரை மணி நேர நாடகம், விமர்சகர்களிடம் கடும் அடி வாங்கி, செப்டம்பரில் நின்றது. பிறகு சுருக்கித் திருத்தி 2007இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஓர் ஆண்டுக்குச் சற்றே கூடுதலாக ஓடியது. அந்த இசையில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் மூன்று பாகங்கள் கொண்ட நாவலை ஒரே மாலைக்குள் அடைக்கப் பார்த்ததுதான் சுமை என்று நினைக்கிறேன். சம்பவங்கள் அத்தனையும் இருக்க, நிமிடங்களை மட்டும் குறைத்தால் கதை இன்னும் அவசரமாகத்தான் தெரியும்.

மேடையில் நிற்கும் ஆளைப் பார்க்காமல் காகிதத்தையே பார்த்துத் திருத்துவதும் உண்டு. 1971இல் ‘ஃபாலீஸ்’ பாஸ்டனில் ஓடியபோது இவான் டி கார்லோவுக்குக் கொடுத்திருந்த பாட்டு ஒரே ஒரு நகைச்சுவையை வைத்து நீட்டியது, எடுபடவில்லை. சோண்ட்ஹைம் அதை ஒட்டுப்போடவில்லை. எத்தனையோ ஏற்ற இறக்கம் கண்டு இன்னும் நிற்கும் ஒரு நடிகையின் பாட்டாக ‘ஐ’ம் ஸ்டில் ஹியர்’ என்று புதிதாக எழுதிக் கொடுத்தார். டி கார்லோ ஒரு காலத்து ஹாலிவுட் நட்சத்திரம். அந்தப் பாட்டு அவர் வாயில் எப்படி ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ 1964 கோடையில் டெட்ராய்ட்டில் இருந்தபோது அந்த ஊர்ப் பத்திரிகைகள் வேலைநிறுத்தத்தில் இருந்தன. உள்ளூர் நாளேடுகளின் விமர்சனம் இல்லை, பார்வையாளர் மட்டுமே. அங்கேதான், இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த மனைவியிடம் கதாநாயகன் டெவியே ‘என்னை நேசிக்கிறாயா’ என்று கேட்கும் பாட்டு பிறந்தது. அந்தப் பாட்டு இல்லாத ஃபிட்லரை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்ல, எல்லாவற்றையும் கேட்பது நாடகத்தைக் கொன்றுவிடும். 1966இல் ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்’ ஃபிலடெல்ஃபியாவிலும் பாஸ்டனிலும் தடுமாறியதும், வசனம் எழுதி இயக்கிய ஏப் பர்ரோஸுக்குப் பதிலாக எட்வர்ட் ஆல்பியைக் கொண்டுவந்து கதையை மறுபடி எழுதச் சொன்னார்கள். ஆல்பி பெரிய நாடகாசிரியர். ஆனால் அவருடைய உலகமே வேறு. பழைய பாட்டுகள் ஒரு பக்கம் இழுக்க, புதிய வசனம் இன்னொரு பக்கம் இழுத்தது. நியூயார்க்கில், அரங்கேற்றத்துக்குமுன் பார்வையாளருக்குப் போடும் முன்காட்சிகள் நான்கோடு தயாரிப்பாளர் டேவிட் மெரிக் நாடகத்தை நிறுத்தினார். அரங்கேற்றமே நடக்கவில்லை. வெளியாளைக் கூப்பிடுவது தப்பில்லை, ராபின்ஸும் வெளியாள்தான். ஆனால் ராபின்ஸ், இந்த நாடகம் என்னவாக இருக்க விரும்புகிறதோ அதுவாக ஆக உதவினார்.

ஒரே நாளில் பத்து மாற்றம் செய்வதும் கூடாது. ட்ரைஅவுட்டில் நடிகர்கள் பகலில் புதிய காட்சியை ஒத்திகை பார்ப்பார்கள், இரவில் பழைய காட்சியை நடிப்பார்கள். ஒரு பாட்டு மாறினால் வாத்தியக் குழுவுக்கு இசைக்குறிப்பு எழுதி, பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். விளக்கு, ஒலி, உடை மாற்றும் நேரம் எல்லாமே நகரும். பத்தையும் ஒரே இரவில் போட்டு, அன்று கைதட்டல் கூடினால் எதனால் கூடியது? குறைந்தால் எதனால் குறைந்தது? பெரிய மாற்றம் ஒன்றைப் போட்டு, இரண்டு மூன்று இரவு வைத்துப் பார்ப்பதே நல்லது. முதல் இரவில் நடிகர் புதிய வரியை நினைவில் தேடிக்கொண்டிருப்பார், அந்த இரவை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

வெளியூர் போகாமலே நேராக நியூயார்க்கில் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. ‘ஸ்பைடர்-மேன்: டர்ன் ஆஃப் த டார்க்’ நாடகத்தின் பறக்கும் கருவிகளை ஊர் ஊராகக் கொண்டுபோவது நடக்காத காரியம், ஆகவே 2010 நவம்பரில் பிராட்வேயிலேயே முன்காட்சிகள் தொடங்கின. அவை 182 காட்சிகள் வரை நீண்டன. அரங்கேற்றம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்க, விமர்சகர்கள் பொறுமை இழந்து 2011 பிப்ரவரியிலேயே எழுதிவிட்டார்கள். மார்ச்சில் இயக்குநர் ஜூலி டேமோர் விலக நேர்ந்தது. ஜூனில்தான் அரங்கேற்றம். குழந்தை நடை பழகுவதை ஊரே நின்று பார்த்து மதிப்பெண் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

இதற்கு நேர்மாறு ‘விக்கெட்’ (Wicked) இசை நாடகம். 2003 மே, ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓட்டிவிட்டு, அக்டோபர் 30 அரங்கேற்றத்துக்குமுன் திருத்தி எழுதவென்றே சில மாதங்களை ஒதுக்கியிருந்தார்கள். அதில் வரும் நாயகன் ஃபியேரோவின் அறிமுகப் பாட்டே அந்த இடைவெளியில் மாறியது. பலரும் தேதியைக் குறிக்கும்போது இந்த இடைவெளியை மறந்துவிடுகிறார்கள். வெளியூரில் கற்றதை உட்கார்ந்து யோசிக்க நேரம் வேண்டாமா?

விமர்சகர்கள் வருவதற்குச் சில நாள் முன்பே இனி எதுவும் மாறாது என்று நாடகத்தை உறைய வைத்துவிடுவது வழக்கம். நடிகர்களுக்கு அந்த நாட்கள் அவசியம். அரங்கேற்றத்தன்று காலையில் புது வரி கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் உறைந்ததைப் பிறகு தொடவே கூடாது என்றும் இல்லை. ‘கேமலாட்’ 1960இல் டொராண்டோவில் தொடங்கியபோது நாலரை மணி நேரம் ஓடியது. எழுதிய ஆலன் ஜே லெர்னர் குடல் புண்ணோடு மருத்துவமனையில், இயக்குநர் மாஸ் ஹார்ட் மாரடைப்போடு மருத்துவமனையில். டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறியும் முழுமை வரவில்லை. உடம்பு தேறியதும் ஹார்ட் திரும்பி வந்தார். ஓடிக்கொண்டிருந்த நாடகத்திலிருந்து ‘ஃபை ஆன் குட்னெஸ்’ உட்பட இரண்டு பாட்டுகளை எடுத்து, வசனத்தைச் செதுக்கினார். 1961 மார்ச்சில் எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சில பகுதிகள் ஒளிபரப்பானதும் டிக்கெட் விற்பனை ஏறியது. ஜனங்கள் வந்து பார்த்தது ஹார்ட் திருத்தி முடித்த கேமலாட்டை. அது 873 காட்சிகள் ஓடியது.